கூகுளில் 'முதல் இடம் கேரண்டி': ஊர்க் கடைக்கு மாசம் ₹17,700 கட்டுறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

சம்பளம் வாங்குற பிள்ளைகிட்ட வீட்டுல இருந்து வர்ற பணக் கேள்விகள் நமக்குத் தெரியும். நகைக் கடனைத் திருப்பணுமா, இன்சூரன்ஸ் பாலிசியைத் தொடரலாமா, அந்தச் சீட்டுல சேரலாமா? கடை வச்சிருக்கற குடும்பங்கள்ல இப்போ புதுசா ஒரு கேள்வி சேர்ந்திருக்கு. "யாரோ கூகுள்ல இருந்து பேசுறாங்க. மாசம் பதினஞ்சாயிரம் கட்டினா நம்ம கடையை முதல் இடத்துக்குக் கொண்டு வந்துருவாங்களாம். கட்டலாமா?"

இதுக்குப் பேர் எஸ்இஓ பேக்கேஜ். கூடவே 'ஆன்லைன் ரெப்யூட்டேஷன்' பேக்கேஜ்னு ஒண்ணும் சேர்த்து விற்பாங்க. கடைசியில பணம் போறது பல நேரம் உங்க சம்பளக் கணக்குல இருந்துதான். அதனால ஒரு மியூச்சுவல் ஃபண்டை எப்படிப் பார்ப்பீங்களோ அப்படியே இதையும் பார்க்கணும். என்ன செலவு, என்ன வரவு, என்ன ரிஸ்க்?

எங்கேயோ அமெரிக்கால இருக்கற கடையை உதாரணமா எடுக்காம, நம்ம விருதுநகர் மாவட்டத்துக்கே போவோம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல, வத்திராயிருப்பு பக்கம் இருக்கற வ. புதுப்பட்டியில ஒரு ஸ்வீட் கடை இருக்குன்னு வச்சுக்குவோம். கடை கற்பனைதான். பால்கோவா விற்கிறாங்க. பக்கத்துல பெரிய ஊர்கள்னா ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும்.

கூகுள்ல எது இலவசம், எது காசு?

கூகுள்ல தேடினா மூணு வகையான முடிவு வரும். ஒண்ணு, விளம்பரமா வர்றது. அதுக்குக் காசு கட்டணும், கட்டுறதை நிறுத்தினா காணாமப் போயிடும். ரெண்டு, மேப்போட சேர்ந்து வர்ற கடைப் பட்டியல். மூணு, கீழே வர்ற வெப்சைட் லிங்க்குகள். எஸ்இஓ-ன்னு சொல்றது பின்னாடி உள்ள ரெண்டுலயும் மேல வர்றதுக்கான வேலை.

ஒரு ஊர்க் கடைக்கு முக்கியம் அந்த மேப் பட்டியல்தான். அதுல வர்றதுக்குத் தேவையானது 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்'. 2021 வரைக்கும் 'கூகுள் மை பிசினஸ்'னு பேர் இருந்தது. இதைத் தொடங்கவும் நடத்தவும் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது.

இந்தப் பட்டியலோட வரிசைக்கு மூணு விஷயம் பார்க்கிறதா கூகுளே சொல்லுது. தேடுற வார்த்தைக்கு உங்க கடை பொருந்துதா, தேடுறவர் இருக்கற இடத்துல இருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பிரபலம். இந்த வரிசையில மேல வர்றதுக்குக் காசு வாங்குறதில்லைன்னும், முதல் இடத்துக்கு யாராலயும் கேரண்டி கொடுக்க முடியாதுன்னும் கூகுளோட உதவிப் பக்கங்கள்லயே இருக்கு.

தூரத்தைக் கவனிங்க. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல நின்னு "ஸ்வீட் கடை"ன்னு தேடுறவருக்கு ராஜபாளையம் கடைகள்தான் முதல்ல வரும். நீங்க எவ்வளவு பணம் கட்டினாலும் வ. புதுப்பட்டி பக்கத்துல வந்துடாது.

அப்புறம் எப்படி "பாருங்க, முதல் இடத்துக்கு வந்துருச்சு"ன்னு காட்டுறாங்க? ரெண்டு வழி இருக்கு. உங்க கடைப் பேரையே டைப் பண்ணிக் காட்டுவாங்க. அந்தப் பேர்ல வேற கடையே இல்லைன்னா நீங்கதான் முதல்ல வருவீங்க. இல்லைன்னா உங்க கடைக்குள்ளயே உட்கார்ந்து தேடிக் காட்டுவாங்க. தூரம் பூஜ்யம், அதனால முதல்ல வரும். சோதிக்கணும்னா, வேற வேற இடத்துல இருக்கற மூணு நண்பர்களை உங்க கடைப் பேர் தெரியாத ஒருத்தர் என்ன டைப் பண்ணுவாரோ அதைப் போட்டுத் தேடச் சொல்லுங்க.

எத்தனை கிலோ கூடுதலா விக்கணும்?

மாசம் ₹15,000 பேக்கேஜ். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி ₹2,700. மொத்தம் ₹17,700. வருஷத்துக்கு ₹2,12,400.

ஒரு கிலோ பால்கோவாவுல பால், சர்க்கரை, விறகு, கூலி, பாக்கெட் எல்லாம் போக ₹60 நிக்குதுன்னு கணக்குக்காக வச்சுக்குவோம். (உங்க கடையோட நம்பரை நீங்க போட்டுக்கோங்க.) 17,700-ஐ 60-ஆல வகுத்தா 295. அதாவது மாசம் 295 கிலோ, நாளைக்கு சுமார் 10 கிலோ, இப்போ விக்கிறதுக்கு மேல வித்தாதான் ஏஜென்சிக்குக் கொடுத்த காசே திரும்ப வரும். லாபம் அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

இங்க ஒரு ஜிஎஸ்டி நுணுக்கம் இருக்கு. கடை சாதாரண ஜிஎஸ்டி பதிவுல இருந்தா அந்த ₹2,700-ஐ இன்புட் டாக்ஸ் கிரெடிட்டா எடுத்துக்கலாம். அப்போ தேவை 250 கிலோவா குறையும். ஆனா சின்னக் கடைகள் பலது காம்போசிஷன் திட்டத்துல இருக்கும், இல்லைன்னா பதிவே இருக்காது. ரெண்டு பேருக்கும் கிரெடிட் கிடையாது, முழு ₹17,700-ம் செலவுதான். இன்னொண்ணு: ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஏஜென்சி 18% வசூலிக்கவே கூடாது. பில்லுல ஜிஎஸ்டி நம்பர் இருக்கான்னு பார்த்து, அதை ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஒரு தடவை சரிபாருங்க.

"வரியில கழிச்சுக்கலாம் சார்"

ஏஜென்சி ஆட்கள் அடிக்கடி சொல்ற வாசகம் இது. பாதிதான் உண்மை.

முதல்ல, அந்தப் பணத்தை உங்க சம்பளத்துல இருந்து கட்டினா உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரி குறையாது. சம்பள வருமானத்துல இருந்து குடும்பக் கடையோட விளம்பரச் செலவைக் கழிக்க வழியே இல்லை. அப்பாவுக்குப் பணமா கொடுத்தா அது நெருங்கிய உறவுக்குக் கொடுத்த கிஃப்ட். அவருக்கு வரி இல்லை, உங்களுக்குக் கழிவும் இல்லை.

ரெண்டாவது, கடைக் கணக்குல காட்டினாலும் எல்லாருக்கும் பலன் கிடைக்காது. சின்ன வியாபாரிகள் பெரும்பாலும் உத்தேச வருமான முறையில, நாம 44ஏடி-ன்னு சொல்லிப் பழகின முறையில, ரிட்டர்ன் போடுவாங்க. அதுல ரொக்க விற்பனைக்கு 8%, பேங்க் அல்லது யூபிஐ வழியா வர்ற விற்பனைக்கு 6% லாபம்னு எடுத்துக்குவாங்க. எல்லாச் செலவும் அதுக்குள்ளயே அடங்கிடும். ஏஜென்சிக்கு வருஷம் ₹2 லட்சம் கொடுத்தாலும் கொடுக்காட்டியும் வரி அதேதான். முழுக் கணக்குப் புத்தகம் வச்சு ரிட்டர்ன் போடுற கடைக்குத்தான் இந்தச் செலவு வரியைக் குறைக்கும்.

காசில்லாம செய்ய வேண்டிய வேலைகள்

பேக்கேஜ்ல அவங்க செய்யறதா சொல்ற வேலையில பெரும்பகுதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே செஞ்சு முடிச்சிடலாம்.

*சாவி யார் கையில?* புரொஃபைலுக்கு ஒரு முதன்மை உரிமையாளர் உண்டு. அது உங்க குடும்பத்தோட ஜிமெயிலா இருக்கணும். வெளியாளுக்கு வேலை கொடுத்தா 'மேனேஜர்' அனுமதி மட்டும் கொடுங்க. ஏஜென்சியோட ஜிமெயில்லயே புரொஃபைலைத் தொடங்கிட்டா, சந்தா கட்டுறதை நிறுத்துற அன்னைக்கு உங்க கடையோட ரிவ்யூ, போட்டோ, போன் நம்பர் எல்லாம் அவங்க கையில இருக்கும். வெப்சைட் பேரும் அப்படித்தான். உங்க பேர்ல பதிவாகணும். கடைப் பத்திரத்தை அடுத்தவர் பேர்ல எழுதுவோமா?

*பேரு.* போர்டுல என்ன இருக்கோ அதேதான் புரொஃபைல்லயும் இருக்கணும். "ஒரிஜினல் நம்பர் ஒன் ஸ்ரீவில்லிபுத்தூர் பெஸ்ட் பால்கோவா"ன்னு வால் சேர்க்கிறது கூகுள் விதிக்கு எதிரானது. புரொஃபைலையே முடக்கலாம்.

*முகவரி.* நம்ம ஊர்க் கடைகள் பலது தடுக்கி விழுற இடம் இது. தமிழ்நாட்டுல எத்தனை புதுப்பட்டி! முன்னாடி இருக்கற 'வ.' வத்திராயிருப்பைக் குறிக்குது. ஆனா வத்திராயிருப்பை ஆங்கிலத்துல வாட்ராப்னு எழுதுறதால அங்க 'டபிள்யூ. புதுப்பட்டி' ஆகிடும். வெறும் 'புதுப்பட்டி'ன்னு போட்டா வெளியூர்க்காரர் எந்தப் புதுப்பட்டிக்கு வேணும்னாலும் போயிடுவார். மேப்புல பின்னை கடை வாசல்லயே வைங்க. முகவரியில வத்திராயிருப்பு தாலுகா, விருதுநகர் மாவட்டம், பின்கோடு எல்லாம் முழுசா இருக்கட்டும். வாட்ஸ்அப், பில், பாக்கெட் எல்லாத்துலயும் அதே எழுத்து, அதே போன் நம்பர்.

*நேரம்.* அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி மலைக்குப் போறவங்க வத்திராயிருப்பு வழியா தாணிப்பாறைக்கு வருவாங்க. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் சொல்லவே வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத் தேரோட்டம். இந்த நாள்கள்ல கடை எத்தனை மணிக்குத் திறக்கும்னு 'சிறப்பு நேரம்' பகுதியில முன்கூட்டியே போடுங்க. விடியக்காலையில வண்டியில வர்றவர் 'இப்போ திறந்திருக்கு'ன்னு காட்டுற கடைக்குத்தான் வருவார்.

*போட்டோ.* நெட்ல எடுத்த படம் வேண்டாம். கடை முகப்பு, விலைப் பலகை, பார்க்கிங் இடம் இதெல்லாம் எடுத்துப் போடுங்க. பாக்கெட் போடாம விக்கிற ஸ்வீட்டுக்கு எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும்னு கடையில எழுதி வைக்கணும்னு 2020 அக்டோபர் 1-ல இருந்து எஃப்எஸ்எஸ்ஏஐ விதி இருக்கு. அந்தப் பலகையையும் போட்டோ எடுத்துப் போடுங்க. விதியும் நிறைவேறும், நம்பிக்கையும் வரும்.

நல்ல பேரை விலைக்கு வாங்கலாமா?

"மாசம் 50 ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ ஃப்ரீ"ன்னு பேக்கேஜ்ல இருந்தா அங்கேயே பேச்சை முடிச்சுக்கோங்க.

போலி ரிவ்யூ, காசுக்கு ரிவ்யூ, "ரிவ்யூ போட்டா 10% தள்ளுபடி", திருப்தியானவங்ககிட்ட மட்டும் பார்த்துப் பார்த்துக் கேக்கிறது, இது எல்லாமே கூகுள் விதிப்படி தப்பு. பிடிபட்டா ரிவ்யூவை அழிப்பாங்க, புரொஃபைல்ல எச்சரிக்கை போடலாம், முடக்கவும் செய்யலாம்.

சட்டமும் இருக்கு. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020 படி, ஆன்லைன் தளத்துல விக்கிறவர் வாடிக்கையாளர் மாதிரி நடிச்சு ரிவ்யூ எழுதக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ₹10 லட்சம் வரை அபராதம் போடலாம், திரும்பச் செஞ்சா ₹50 லட்சம் வரை. ஆன்லைன் ரிவ்யூவுக்குன்னே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பர்ல ஐஎஸ் 19000-ன்னு ஒரு தரநிலை கொண்டு வந்தது. அது கட்டாயம் இல்லைன்னாலும் அரசு எந்தப் பக்கம் பார்க்குதுன்னு புரியும்.

அப்போ நேர்மையான வழி என்ன? ரிவ்யூ லிங்க்கை க்யூஆர் கோடா பிரிண்ட் எடுத்து கல்லாப் பக்கத்துல ஒட்டுங்க. வாங்குற எல்லார்கிட்டயும் கேளுங்க. "நல்லா இருந்தாலும் குறை இருந்தாலும் எழுதுங்க"ன்னு சொன்னா போதும்.

எண்ணிக்கை ஏன் முக்கியம்னு எளிய சராசரிக் கணக்குல பாருங்க. 8 ரிவ்யூ, மொத்தம் 37 ஸ்டார் வச்சிருக்கற கடையோட சராசரி 4.6. ஒருத்தர் வந்து ஒரு ஸ்டார் போட்டா 4.2-க்கு இறங்கிடும். அதே 4.6-ஐ 40 ரிவ்யூவுல வாங்கின கடைக்கு அந்த ஒரு ஸ்டார் விழுந்தா 4.5. நாளைக்கு ஒருத்தர் உண்மையா எழுதினாலே கொஞ்ச மாசத்துல இந்தப் பாதுகாப்பு வந்துடும்.

குறை சொல்லி ஒருத்தர் எழுதினா சண்டைக்குப் போகாதீங்க. இப்படிப் பதில் போடலாம்:

"வணக்கம். நீங்க வாங்கின பால்கோவா புளிச்சிருந்ததுக்கு வருந்துறோம். வாங்கின தேதியையும் பில் போட்டோவையும் கடை நம்பருக்கு அனுப்புங்க, பணத்தைத் திருப்பித் தர்றோம். தயாரிச்ச தேதியை இனிமே பாக்கெட் மேல பெரிய எழுத்துல ஒட்டுறோம்."

இந்தப் பதில் குறை சொன்னவருக்கு மட்டும் இல்லை. அதைப் படிச்சுட்டு வரலாமா வேண்டாமான்னு யோசிக்கிற அடுத்தவருக்கும்தான். கடைக்கே வராத ஒருத்தர் வேணும்னே எழுதினதா தெரிஞ்சா, அந்த ரிவ்யூவை கூகுள்ல புகார் பண்ற வசதியும் இருக்கு. அதுக்கும் காசு இல்லை. "நெகட்டிவ் ரிவ்யூவை அழிச்சுத் தர்றோம், ₹5,000"-ன்னு வர்ற மெசேஜை நம்பாதீங்க.

இதே சந்தையோட இன்னொரு முனை: உங்க போன்

அந்தப் போலி ரிவ்யூவை யார் எழுதுறாங்க? "வீட்டுல இருந்தே பார்ட் டைம் வேலை, கூகுள் மேப்ல ரிவ்யூ போட்டா ஒண்ணுக்கு ₹50"-ன்னு உங்களுக்கே டெலிகிராம்ல மெசேஜ் வந்திருக்கும். முதல் ரெண்டு மூணு தடவை நிஜமாவே பணம் வரும். அதுக்கப்புறம் "பிரீமியம் டாஸ்க்குக்கு ₹2,000 கட்டுங்க"ம்பாங்க. அப்புறம் ₹10,000, ₹50,000-ன்னு போகும். உள்ள போன பணம் வெளிய வராது. சில பேர்கிட்ட "பணம் உங்க கணக்குக்கு வரும், வேற கணக்குக்கு மாத்தி விடுங்க"ன்னும் கேப்பாங்க. அது திருட்டுப் பணமா இருந்தா உங்க சம்பளக் கணக்கே முடக்கப்படலாம். மாட்டிக்கிட்டா தயங்காம உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது.

அதே மாதிரி, கடைக்குப் போன் பண்ணி "கூகுள்ல இருந்து பேசுறோம், பணம் கட்டலைன்னா கடையை மேப்புல இருந்து எடுத்துடுவோம்"னு மிரட்டுறவரும் கூகுள் ஆள் இல்லை. இலவச சேவைக்கு யாரும் பணம் கேட்டுக் கூப்பிட மாட்டாங்க. ஓடிபி கேட்டா கட் பண்ணிடுங்கன்னு அப்பா அம்மாவுக்குச் சொல்லி வைங்க.

பேர் பரவினா வர்ற ரெண்டு சட்ட வேலை

சர்ச்ல நல்லா வர ஆரம்பிச்சா அடுத்த போன் பெங்களூருல இருந்து வரும். "ரெண்டு கிலோ கூரியர்ல அனுப்புவீங்களா?" சந்தோஷமா அனுப்புறதுக்கு முன்னாடி நில்லுங்க.

தமிழ்நாட்டுல பொருள் விக்கிறவருக்கு ஆண்டு விற்பனை ₹40 லட்சத்தைத் தாண்டினாதான் பொதுவா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனா வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு வித்தா இந்த வரம்பு பொருந்தாது. விற்பனை எவ்வளவு சின்னதா இருந்தாலும் பதிவு எடுக்கணும். காம்போசிஷன் திட்டத்துல இருக்கற கடை வெளி மாநிலத்துக்குப் பொருள் விக்கவே கூடாது. சாதாரண முறைக்கு மாறணும். "இந்தியா முழுக்க டெலிவரி"ன்னு புரொஃபைல்ல போடுறதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டிய விஷயம் இது. எந்த எஸ்இஓ பேக்கேஜும் இதைச் சொல்லித் தராது.

ரெண்டாவது, 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா'ங்கற பேர். அதுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. விண்ணப்பிச்சது ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம். 1999-ம் வருஷத்து புவிசார் குறியீடு சட்டத்தோட வரையறையிலயே, ஒரு பொருளோட தரம் மட்டும் இல்லாம அதுக்கு இருக்கற நற்பெயரும் ஊரோட சேர்ந்ததா இருக்கலாம்னு இருக்கு. ஊரே சேர்ந்து சம்பாதிச்ச 'ரெப்யூட்டேஷன்' அது. அதனால அந்தப் பேரை வெப்சைட்லயும் மேப்லயும் கீவேர்டா அள்ளித் தெளிக்கிறதுக்கு முன்னாடி, உங்க தயாரிப்பு இடம் பதிவுல சொல்ற எல்லைக்குள்ள வருதான்னு சென்னையில இருக்கற புவிசார் குறியீடு பதிவகத்தோட ஆவணத்தைப் பாருங்க. வந்தா 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்'னு பதிவு பண்ணிக்கோங்க. அது போட்டிக் கடைக்காரர் உங்க மேல புகார் கொடுக்கறதுல இருந்தும் காப்பாத்தும், வெளியூர்ல அந்தப் பேரைத் தப்பா போட்டு விக்கிறவர் மேல நீங்க புகார் கொடுக்கவும் உதவும்.

ஏஜென்சியே வேண்டாமா?

அப்படிச் சொல்லலை. மாநிலம் தாண்டி ஆன்லைன்ல விக்கிற அளவு உற்பத்தி இருக்கு, வெப்சைட் இருக்கு, ஆர்டர் எடுக்க ஆள் இருக்குன்னா நல்ல ஏஜென்சி பிரயோஜனம்தான். ஆனா நாலு நிபந்தனை வைங்க. மாசா மாசம் நிறுத்திக்கிற ஒப்பந்தம். எல்லாக் கணக்கும் உங்க ஜிமெயில்ல. ரிப்போர்ட்ல எத்தனை பேர் 'பார்த்தாங்க'ன்னு இல்லாம எத்தனை போன், எத்தனை ஆர்டர்னு இருக்கணும். போலி ரிவ்யூ போட மாட்டோம்னு எழுத்துல. இதுக்கு ஒத்துக்காத ஏஜென்சிக்கு வருஷப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீங்க.

அதுக்கும் முன்னாடி 90 நாள் காத்திருங்க. மேல சொன்ன இலவச வேலைகளை முடிச்சுட்டு, புரொஃபைல்ல 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில மாசம் எத்தனை பேர் போன் பண்ணாங்க, எத்தனை பேர் வழி கேட்டாங்கன்னு குறிச்சு வைங்க. கல்லாவுல ஒரு நோட்டு வச்சு, புது ஆள் வந்தா "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?"ன்னு கேட்டு ஒரு கோடு போடச் சொல்லுங்க. 90 நாள் கழிச்சு அந்த நோட்டையும் 295 கிலோ கணக்கையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கூகுள் பார்த்து வந்தவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருந்து, கடையால அதுக்கு மேலயும் தயாரிக்க முடியும்னா செலவு பண்ணிப் பார்க்கலாம். நோட்டுல கோடே விழலைன்னா, ₹2,12,400 மிச்சம்.

உடனே செய்ய ஒரே ஒரு வேலை: உங்க கடையோட கூகுள் புரொஃபைல் எந்த ஜிமெயில்ல இருக்குன்னு கண்டுபிடிங்க. அது உங்க வீட்டுல யாரோட ஜிமெயிலும் இல்லைன்னா, மத்த எல்லாத்துக்கும் முன்னாடி அதை மீட்டு எடுங்க.